பன்னிரண்டு பேர் பட்டியல், ஏழு பேர் ஆட்டம்

குறுவட்டப் போட்டி நடக்கும் நாளில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் போய் நில்லுங்கள். கபடிக் களத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஐந்து பையன்கள் வரிசையாகக் குத்தவைத்திருப்பார்கள். பனியனில் எண் உண்டு, அணிப் பட்டியலில் பெயர் உண்டு, விடிகாலையிலேயே குளித்துத் திருநீறு பூசி வந்த முகமும் உண்டு. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது உள்ளே இறங்கிய ஏழு பேரின் உடம்பெல்லாம் மண்ணாக இருக்கும். இந்த ஐவரின் பனியன் மட்டும் காலையில் மாட்டிய மாதிரியே வெளுப்பாக இருக்கும். அணி தோற்றிருந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

இவர்களை உட்கார வைத்தது யார் என்று கேட்டால் எல்லா விரலும் பி.டி. வாத்தியார் பக்கம் நீளும். "அவருக்கு வேண்டிய பசங்களைத்தான் இறக்குவார்" என்பது வீட்டில் பேசும் பேச்சு. "ஜெயிக்கணுமே சார்" என்பது வாத்தியார் தரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் வாத்தியார் விசிலை எடுப்பதற்கு முன்பே முடிவின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் கட்சி. அதை எழுதுவது ஆட்ட விதியும் போட்டி அட்டவணையும் சான்றிதழும்தான். தனியாளின் நேர்மையை மட்டும் அளந்து இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் விதியைப் பார்ப்போம். கபடியில் பட்டியல் 12 பேர், களத்தில் 7. வாலிபாலில் 12க்கு 6. பாஸ்கெட்பாலில் 12க்கு 5. எண்ணிக்கை இப்படியென்றால், ஆளை மாற்றும் வசதி ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. பாஸ்கெட்பாலிலும் ஹாக்கியிலும் ஹேண்ட்பாலிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். மனசு வைத்தால் பட்டியலில் உள்ள எல்லாரையும் ஆட வைத்துவிடலாம். வாலிபாலில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றம்தான். தொடக்க ஆறு பேரில் ஒருவர் வெளியே போனால் அதே செட்டில் ஒரே ஒரு தடவைதான் திரும்ப வரலாம், அதுவும் தனக்குப் பதிலாக வந்தவரின் இடத்துக்கு. அதனால் வாத்தியார் கணக்குப் பார்த்துத்தான் கையை உயர்த்துவார். ஆனால் உள்ளே இருக்கும் ஆறு பேருக்குள் வாலிபால் காட்டும் நியாயம் வேறெங்கும் கிடையாது. சுழற்சி வரும்போது யாராக இருந்தாலும் சர்வீஸ் போட்டே ஆகவேண்டும்.

கபடியில் நிலைமை இன்னும் வேடிக்கை. அவுட் ஆனவன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். தன் அணி புள்ளி எடுத்தால்தான் வரிசைப்படி உயிர் பெற்று உள்ளே வரமுடியும். அதாவது தேர்வான ஏழு பேரிலும் பலவீனமானவன் பாதி நேரம் வெளியேதான் இருப்பான். கோ-கோவில் தற்காப்புக்கு மூன்று மூன்று பேராக இறங்குவார்கள். முதல் மூவர் நன்றாக ஓடித் தாக்குப்பிடித்தால் மூன்றாவது கூட்டத்துக்கு ஓடுகிற வேலையே வராது. கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதினொரு பேரில் ஒருவனாக முழு ஆட்டமும் வெயிலில் நிற்கும் ஒன்பதாம் எண் பையன், பந்து வீசாதவனாகவும் இருந்துவிட்டால், ஃபைன் லெக்கில் இரண்டு பந்து பொறுக்கியதோடு அவன் ஆட்டம் முடிந்தது. களத்தில் நின்ற நிமிடத்தை மட்டும் எண்ணினால் இவனுக்கு முழு நேரம் கிடைத்ததாகக் கணக்கு வரும்.

விதியை மாற்றினால் பெஞ்சும் மாறும் என்பதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கின்றன. 2023இல் ஐ.பி.எல்.லைப் போலவே அங்கேயும் ஆட்டத்தின் நடுவே ஒருவரை மாற்றி இறக்க இடம் தரும் 'இம்பாக்ட் பிளேயர்' விதி வந்தது. நேற்றுவரை பவுண்டரிக்கு வெளியே தண்ணீர் பாட்டில் தூக்கிய ஒருவர் மறுநாளே ஆட்டத்தின் நடுவில் மட்டையோடு இறங்கினார். பயிற்சியாளர்களின் மனசு ஒன்றும் இளகிவிடவில்லை, விதி இளகியது. அந்த விதியால் ஆல்ரவுண்டர்களின் வாய்ப்பு குறைகிறது என்ற குறையும் கூடவே எழுந்தது. ஒருவருக்கு இடம் கொடுக்கும் விதி இன்னொருவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். என் வாதத்தின் அச்சாணி இதுதான். பள்ளிக் கல்வித்துறையின் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படியேறுகின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். குழு ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட். பதினாறு பள்ளிகள் வந்தால் 15 ஆட்டத்தில் விஷயம் முடிந்துவிடும். அதில் எட்டுப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். ஜூன் தொடங்கி வேர்வை சிந்தியதற்குக் கிடைப்பது, சின்னப் பையன்களின் கபடி என்றால், பதினைந்து பதினைந்து நிமிடமாக இரண்டு பாதி.

அந்த அரைமணி நேரத்தில், மூன்று புள்ளி பின்தங்கியிருக்கும்போது, எட்டாம் வகுப்புப் பையனை 'அவனும் ஆடட்டும்' என்று இறக்கும் வாத்தியார் இருக்கிறாரா? இருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். எதிரணி வாத்தியார் தன் சிறந்த ஏழு பேரை வெளியே எடுக்கமாட்டார். நம்மவர் தோற்பார். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் "முதல் ரவுண்டிலேயே வந்துட்டீங்களா?" என்ற கேள்வி காத்திருக்கும். மைதானம் கேட்டு, பந்து கேட்டு, வேன் வாடகை கேட்டு அடுத்த ஆண்டு அதே அறைக்குத்தான் அவர் போய் நிற்கவும் வேண்டும். பெருந்தன்மையாக நடந்தவர் ஒருவர் மட்டும் நஷ்டப்படும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, பெருந்தன்மை இல்லை என்று அவரையே குறைசொல்வது நியாயமாகாது.

அந்த வாத்தியார் யார் என்பதையும் பாருங்கள். 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகத் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் இவர்கள் பொறுப்பு. 14 வயதுப் பிரிவு அணி உருவாவதும் அந்த வகுப்புகளிலிருந்துதான். மூன்று அரைநாளில் அறுபது பிள்ளைகளைப் பார்த்துப் பன்னிரண்டு பேரை எடுப்பவர், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவனைத்தான் எடுப்பார். தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை.

'திறமைதான் அளவுகோல், அதில் என்ன தப்பு?' என்பார்கள். பதினெட்டு வயதில் தப்பே இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திறமை என்று நாம் பார்ப்பது பாதி உடம்புதான். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அணிகளில் மிக அதிகமாக இருந்தார்கள். வயது வரம்பு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்பட்டதுதான் காரணம். ஒரே பிரிவில் ஜனவரிப் பையன் டிசம்பர்ப் பையனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவன். அவனை எடுக்கிறார்கள், அவன் ஆடுகிறான், ஆடியதால் நிஜமாகவே கெட்டிக்காரனாகிறான். நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த மே, ஜூன் பிறந்தநாளோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. பிறப்புச் சான்றிதழ் வந்தபிறகு அது குறைந்தாலும், வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் விளையாட்டில் ஒழிந்தபாடில்லை. இந்திய கிரிக்கெட் வாரியம் சிறுவர் அணிகளுக்கு மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பது அதனால்தான். மீசை முளைத்த ரெய்டரை நடுவில் விட்டு ஏழாம் வகுப்பு அணி ஜெயிப்பதை எந்தக் குறுவட்டத்திலும் பார்க்கலாம். அதற்குத் திறமை என்று பெயர் வைப்பது நமக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்து, வருகைப்பதிவு. 'தினமும் பயிற்சிக்கு வருகிறவனுக்கே இடம்' என்ற கட்டளை கேட்க ரொம்ப நேர்மையாக இருக்கும். நான்கூட வெகுநாள் இதன் பக்கம்தான். ஆனால் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் விடிவதற்குள் மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய வீட்டுப் பிள்ளைக்குக் காலை ஆறரை மணிப் பயிற்சி என்பது என்ன? வேடசந்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊருக்குச் சாயங்காலம் ஒரே டவுன் பஸ் என்றால், அதை விட்டுவிட்டு ஏழு மணிவரை யார் ஆடிக்கொண்டிருப்பது? ஹாஸ்டல் பையனும் பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பையனும் இந்த அளவுகோலில் தானாகவே ஜெயிக்கிறார்கள். வருகையைப் பார்க்க வேண்டும்தான். வரமுடிந்த நாட்களில் வந்தானா என்று பார்க்க வேண்டும். அதற்கு வாத்தியார் பையனின் வீட்டைத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல வாத்தியார்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் அணியில் பிரச்சினையே தலைகீழ். பல கிராமப் பள்ளிகளில் ஏழு பேர் சேர்வதே பாடு. அங்கே பெஞ்சே கிடையாது. கணுக்கால் பிசகினாலும் அவள்தான் ஆடியாக வேண்டும்.

இனி, சான்றிதழ். இதைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டைப் பற்றி யாரும் உண்மை பேசிவிட முடியாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள், எம்.பி.பி.எஸ்.ஸில் ஒரு சில இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம். சான்றிதழில் எந்த மட்டப் போட்டி, என்ன இடம் பிடித்தார்கள் என்று இருக்கும். எத்தனை நிமிடம் ஆடினான் என்று இருக்காது. ஆக, பன்னிரண்டு பேர் பட்டியலில் பெயர் வருவதும் ஏழு பேரில் ஒருவனாக இறங்குவதும் இரண்டு தனித்தனிச் சொத்துகள். முதலாவதற்கு மதிப்பெண் உண்டு, இரண்டாவதற்கு மண் மட்டும்தான். இதனால் 19 வயதுப் பிரிவில், பிளஸ் டூ பையனுக்கு 'கடைசி வருஷம், சர்டிபிகேட்டாவது கிடைக்கட்டும்' என்று பட்டியலின் கடைசி இடங்கள் போகும். ஒப்புக்குச் சப்பாணியாக அவன் வந்து உட்கார்ந்திருக்க, அடுத்த ஆண்டுக்குத் தயாராக வேண்டிய பிளஸ் ஒன் பையன் ஊரிலேயே நிற்பான். இதில் அன்பும் இருக்கிறது, சில இடங்களில் சிபாரிசும் இருக்கிறது. எது எங்கே என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. சந்தேகம் வளர்வது அங்கேதான்.

சந்தேகங்களில் கனமானது சாதி. கிராமத்துக் கபடிக்குழுக்களின் பனியன் நிறத்திலிருந்து சுவரொட்டிவரை சாதி ஏறியிருக்கும் தென்மாவட்டங்களில், பள்ளி அணி மட்டும் தப்பிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; தப்பவில்லை என்று ஒரு குறிப்பிட்ட வாத்தியாரைக் காட்டிச் சொல்ல ஆதாரமும் இல்லை. நாங்குநேரியில் சாதிப் பகையில் மாணவர்களே சக மாணவனை வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆசிரியர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொன்னதாக நான் அதைப் படிக்கவில்லை. யார் பக்கத்தில் யார் என்ற முடிவை ஒரு மனிதரின் விருப்பத்திலிருந்து எடுத்து எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கில் வைத்தால், சந்தேகப்படவும் இடமில்லை, சாக்குச் சொல்லவும் இடமில்லை. களத்துக்கும் அப்படி ஓர் ஒழுங்கு வேண்டும். ஆனால் அகர வரிசையில் ரெய்டு அனுப்ப முடியாது என்பதுதான் கஷ்டம்.

வெளிநாட்டில் இதற்குச் சில விடைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் கால்பந்து அமைப்பு, வந்த ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆடவேண்டும் என்று வைத்திருக்கிறது. அங்கேயே லிட்டில் லீக் பேஸ்பாலில் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சம் இத்தனை அவுட்வரை களத்தில் நிற்க வேண்டும், ஒரு தடவையாவது மட்டை பிடிக்க வேண்டும் என்று கணக்கே உண்டு. நார்வே இன்னும் ஒரு படி மேலே போய், சிறுவர் விளையாட்டுக்கு 1987இலேயே விதி வகுத்தது. பதினோரு வயதுக்குக் கீழே தரவரிசைப் பட்டியல்கூடக் கிடையாது. நார்வேயைக் காட்டினால் நம்மூரில் சிரிப்பார்கள். அங்கே கிளப் உண்டு, பனியில் ஓடப் பணமும் உண்டு. இங்கே குறுவட்டத்தில் ஜெயிப்பதுதான் ஒரு பிள்ளை ஊரைத் தாண்ட ஒரே டிக்கெட். இந்த எதிர்வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சமநேரம் என்று எல்லா வயதுக்கும் சட்டம் போட்டால், ஸ்டேட் லெவல் போகக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளை பாதி நேரம் வெளியே உட்கார்வாள். தனியாகக் கோச் வைத்துக்கொள்ள முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் குறையாது. சமத்துவத்தின் பெயரில் ஏழையின் ஏணியைப் பிடுங்கின கதையாகிவிடும்.

ஆகவே 17, 19 வயதுப் பிரிவுகளில் ஆட்டநேரம் திறமைக்கே போகட்டும். இந்த வயதில் ஒரு வாத்தியார் சிறந்த ஏழு பேரை முழுநேரம் ஆடவிட்டால் அவர்மேல் குற்றமில்லை. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் கோத்தே வகுத்த படிநிலையும் கிட்டத்தட்ட இப்படித்தான்: பன்னிரண்டுவரை பலதையும் தொட்டுப் பார்க்கும் காலம், பதின்மூன்று முதல் பதினைந்து வரை ஒன்றிரண்டில் ஊன்றும் காலம், அதற்குமேல் முழு மூச்சு. ஆனால் இந்தப் பிரிவுகளிலும் இரண்டு கடமை உண்டு. எதைப் பார்த்து எடுப்பேன் என்பதை ஜூனிலேயே பலகையில் எழுதிப்போட வேண்டும். யார் எத்தனை ஆட்டத்தில் இறங்கினார்கள் என்ற கணக்கைப் பள்ளியில் வைக்க வேண்டும். புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. வாலிபால் ஸ்கோர் ஷீட்டில் தொடக்க ஆறு பேரின் எண்ணும் ஒவ்வொரு மாற்றமும் ஏற்கெனவே பதிவாகின்றன. கபடிக்கும் ஸ்கோர் ஷீட் உண்டு. முடிவு அறிவித்ததும் கோப்பில் போய்த் தூங்கும் அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். ஆடிய நிமிடத்தைச் சான்றிதழிலேயே போடலாமே என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. போட்டால், தோற்பது உறுதியான கடைசி இரண்டு நிமிடத்தில் சான்றிதழ் வேண்டியவர்களை வரிசையாக இறக்கிவிடுவார்கள்.

14 வயதுப் பிரிவு குறுவட்டத்தில் மட்டும் என் தீர்ப்பு வேறு. பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் ஒரு முழுப் பாதியோ ஒரு முழு செட்டோ ஆடியே தீரவேண்டும் என்று போட்டி விதியிலேயே இருக்க வேண்டும். எல்லா வாத்தியாரையும் ஒன்றாகக் கட்டுப்படுத்தினால்தான் நல்லவர் மட்டும் தோற்கமாட்டார். இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இப்படி விதி வந்தால் வாத்தியார்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிவரமாட்டார்கள், எட்டுப் பேரோடு வருவார்கள். வெளியே உட்கார்ந்த பையன் வீட்டிலேயே உட்காருவான். குறைந்தது பத்துப் பேர் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாலோ, ஏழு பெண்களைத் தேடிப்பிடித்து வந்த சின்னப் பள்ளி வெளியே போய்விடும்.

இந்த ஓட்டையை அடைக்கக்கூடியது அட்டவணைதான். அதே பதினாறு அணிகளை நான்கு நான்காகப் பிரித்து லீக் ஆடவிட்டால் 24 ஆட்டம், மேலே அரையிறுதியும் இறுதியும் சேர்த்து 27. எந்த அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஒரே ஏழு பேரை மூன்று ஆட்டம் ஓடவிட எந்த வாத்தியாரும் துணியமாட்டார். பன்னிரண்டு பேர் அவருக்கே தேவைப்படுவார்கள். முதல் ஆட்டம் தோற்றாலும் இரண்டு மிச்சம் இருப்பதால், எட்டாம் வகுப்புப் பையனை இறக்கிப் பார்க்கவும் கை வரும். அதனால் லீக் முதலில் வரவேண்டும், குறைந்தபட்ச நேர விதி அதன் பின்னால். மாற்றி வைத்தால் ஆட்சேபக்காரர்கள் சொன்னதுதான் நடக்கும்.

செலவு உண்டு. ஓர் ஆட்டத்துக்கு இடைவேளையோடு நாற்பது நிமிடம் என்று வைத்தால், நாக்-அவுட் இரண்டு களத்தில் சுமார் ஐந்து மணி நேரத்தில் முடியும். லீக்குக்குச் சுமார் ஒன்பது மணி நேரம், அதாவது இரண்டு நாள். கூடுதலாக ஒரு நாள் ஆசிரியர்களுக்கு ஆன் டியூட்டி, பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, வேனுக்கு டீசல், நடுவர்களுக்குப் படி. எல்லா ஆட்டத்துக்கும் இது கட்டுப்படியாகாது. கபடி, வாலிபால், கோ-கோ மூன்றில் மட்டும், 14 வயதுப் பிரிவில் மட்டும் தொடங்கலாம். மாவட்ட உடற்கல்வி ஆய்வாளரும் குறுவட்டச் செயலாளர்களும் ஆண்டுத் தொடக்கத்தில் உட்கார்ந்து தேதி குறிக்கும் கூட்டத்தில் இதை எடுத்துவைத்து, மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். 17, 19 பிரிவுகளுக்கு நாக்-அவுட்டே இருந்துவிட்டுப் போகட்டும்.